அத்தியாயம் 6: ரிப்போர்ட் வரும்வரை

புரோஸ்டேட் பயாப்சி முடிந்து ஆட்டோவில் வீடு திரும்பியபோது என் கையில் ஒரு ரசீது இருந்தது. அதன் பின்பக்கத்தில் ‘ஒரு வாரம்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஒரு வாரமா, நாம் போய் வாங்க வேண்டுமா, அவர்களே கூப்பிடுவார்களா என்று எதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஏழாம் நாள் காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. எட்டாம் நாள் நானே கூப்பிட்டேன். “இன்னொரு டெஸ்ட் பார்க்கணும் சார், ரெண்டு மூணு நாள் ஆகும்” என்றார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அன்று இரவு என் சாவு வரை யோசித்து முடித்துவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த என் மனைவியும் தூங்கவில்லை என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

ரிப்போர்ட் பதினோராம் நாள் வந்தது. இப்போது திரும்பிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தெரிய வழியே இல்லாத விஷயம் ஒன்றுதான்: எடுத்த சதையில் என்ன இருக்கிறது என்பது. மற்றதெல்லாம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். முடிவு எந்தத் தேதியில் வரும், லேபில் என்ன செய்கிறார்கள், தாமதம் ஏன், எந்த முடிவுக்கு அடுத்த படி எது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது. கேட்காமல் விட்டதால் இவையும் அந்த ஒன்றோடு சேர்ந்து இருட்டாகிவிட்டன. அந்த இருட்டை அதன் உண்மையான அளவுக்குச் சுருக்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

காத்திருப்பு ஏன் இவ்வளவு கனக்கிறது?

உங்களுக்கு மனத்தெம்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. கெட்டது நடக்கும் என்று தெரிவதைவிடத் தெரியாமல் நிற்பது உடம்பை அதிகம் வாட்டுகிறது.

காத்திருப்பதையே ஆராய்பவர் கலிஃபோர்னியாவின் உளவியல் பேராசிரியர் கேட் ஸ்வீனி. வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் முடிவுக்குக் காத்திருந்தவர்களை அவர் தொடர்ந்து கவனித்தார். கவலை தொடக்கத்தில் அதிகம், நடுவில் தணிகிறது, முடிவு நாள் நெருங்கும்போது மறுபடி ஏறுகிறது. ஆகவே கடைசி இரண்டு நாளில் நெஞ்சு அடித்துக்கொண்டால், உள்மனது ஏதோ கெட்டதை முன்கூட்டி அறிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நாள் நெருங்கினால் எல்லோருக்கும் அப்படித்தான்.

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

‘டெஸ்ட் ரிசல்ட்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் காத்திருப்புகள் வேறு வேறு.

முதல் படி பி.எஸ்.ஏ. இது புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த எண் சுரப்பியைப் பற்றிப் பேசுகிறது. புற்றுநோயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வயதானால் ஏறும். சுரப்பி வெறுமனே வீங்கினாலும் ஏறும். சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாய் போட்டது, நீண்ட சைக்கிள் பயணம், முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியது ஆகியவையும் ஏற்றலாம். பி.எஸ்.ஏ. 4க்கும் 10க்கும் இடையில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்றுநோய் தெரிகிறது. 10ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு பாதிக்கு மேல் போகும். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது ஆறி ஆறு வாரமாவது கழித்துத்தான் பி.எஸ்.ஏ.வை மறுபடி பார்க்கச் சொல்வார்கள். பார்க்கும்போது அதே லேபில் பாருங்கள்; லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும். சுரப்பி வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.

இரண்டாம் படி எம்.ஆர்.ஐ. இதன் ரிப்போர்ட்டில் ‘பிராட்ஸ்’ என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். சந்தேகத்தின் அளவு அது. 5 என்றால் சந்தேகம் அதிகம். புற்றுநோய் எவ்வளவு முற்றியது என்று அது சொல்வதில்லை. உறுதி செய்வது மூன்றாம் படியான பயாப்சிதான்.

லேபில் என்ன நடக்கிறது?

நாம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. பயாப்சி ஊசி எடுத்து வருபவை, ஒவ்வொன்றும் நூல் துண்டு போன்ற பத்துப் பன்னிரண்டு மெல்லிய சதைத் துணுக்குகள். முதலில் அவற்றை ஃபார்மலினில் ஊற வைக்க வேண்டும். பிறகு நீரை நீக்கி, உருகிய மெழுகை உள்ளே ஏற்றி, மெழுகுக் கட்டியாக உறைய வைப்பார்கள். இதற்கே ஓர் இரவு போய்விடும். அந்தக் கட்டியைச் சில மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். சீவியதைக் கண்ணாடி வில்லையில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதன் பிறகே நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு துணுக்காகப் பார்க்கத் தொடங்குவார்.

அவர் தேடுவதில் முக்கியமான ஒன்று உண்டு. நல்ல சுரப்பியைச் சுற்றி அடிச்செல்கள் வேலி போல ஒரு வரிசையாக நிற்கும். புற்றுநோயாக மாறிய சுரப்பிக்கு அந்த வேலி இருக்காது. சில இடங்களில் வேலி இருக்கிறதா இல்லையா என்று சாதாரணச் சாயத்தில் பிடிபடாது. அப்போது அடிச்செல்லை மட்டும் காட்டிக்கொடுக்கும் தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இதற்கு ‘ஐ.எச்.சி.’ என்று பெயர். இன்னும் சில நாள் பிடிக்கும். “இன்னொரு டெஸ்ட் பார்க்கணும்” என்று எனக்குச் சொன்னது இதைத்தான். சந்தேகம் இருப்பதால் கூடுதலாகப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு ‘ஒன்றும் இல்லை’ என்றும் வரலாம். தாமதத்தில் நல்ல செய்தியும் கிடையாது, கெட்ட செய்தியும் கிடையாது. கவுன்டரில் இருப்பவர் முகத்திலும் குரலிலும் ரிப்போர்ட்டைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது.

அதுவரை நோய் காத்திருக்குமா?

எல்லோரையும் இரவில் எழுப்பும் கேள்வி இது. பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்படும் புரோஸ்டேட் புற்றுநோய்களில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் இருந்த 50 முதல் 69 வயது வரையான 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்குக் கண்காணிப்பு மட்டும் என்று தொடங்கிய ‘புரொடெக்ட்’ ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. மூன்று பிரிவிலும் சேர்த்துப் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர்; 2.7 சதவீதம். பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் பலர் பின்னாளில் சிகிச்சைக்குப் போனார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் பொறுத்துப் பார்க்க அவர்களுக்கு இடம் இருந்தது. அப்படியிருக்க, லேப் கேட்கும் பத்து நாள் உங்கள் உயிரிலிருந்து பிடுங்கப்படும் பத்து நாள் அல்ல.

பயாப்சிக்குப் பிறகு ‘ஆறு வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்’ என்று சொன்னாலும் கலங்க வேண்டாம். ஊசி குத்திய இடத்தில் ரத்தக் கசிவு ஆறாமல் படம் எடுத்தால் தெளிவாக இருக்காது.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. இவற்றில் ஒன்று வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள்.

• பயாப்சிக்குப் பிறகு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.
• சிறுநீர் அடைத்துக்கொள்வது, ரத்தம் கட்டி கட்டியாகப் போவது.
• கால் மரத்துப்போவது, திடீரென்று கால் பலம் குறைவது.

சிறுநீரிலும் மலத்திலும் சில நாள் லேசாக ரத்தம் தெரிவதும், விந்தில் சில வாரம் வரை பழுப்பு நிறம் இருப்பதும் வழக்கமே. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை பயாப்சிக்காக நிறுத்தியிருந்தால், எந்த நாளிலிருந்து மறுபடி தொடங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பலர் மறந்துவிடும் விஷயம் இது.

வீடு திரும்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

பயாப்சி முடிந்த அன்றே கேளுங்கள். கேட்க மறந்திருந்தால் நாளைக்குக் காலையில் போன் செய்து கேளுங்கள்.

1. ரிப்போர்ட் எந்தத் தேதிக்குள் வரும்? தனிச் சாயம் தேவைப்பட்டால் எத்தனை நாள் கூடும்?
2. யார் யாருக்குத் தெரிவிப்பார்கள்? நாங்கள் வாங்கி வர வேண்டுமா, டாக்டருக்கே போய்விடுமா?
3. அந்தத் தேதிக்குள் வராவிட்டால் எந்த எண்ணில், யாரைக் கேட்பது?
4. ரிப்போர்ட்டை விளக்க டாக்டர் எந்த நாளில் நேரம் ஒதுக்குவார்? அந்த அப்பாயின்ட்மென்ட்டை இப்போதே போட முடியுமா?
5. மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் எங்கே இருக்கும்? வேறு இடத்தில் கருத்துக் கேட்க வேண்டுமானால் எப்படி வாங்குவது?

நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியம். ரிப்போர்ட்டுக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் இடையிலுள்ள நாட்கள்தான் தனியாக நின்று தவிக்கும் நாட்கள். அவற்றை முன்கூட்டியே குறைத்துவிடலாம்.

வீட்டில் யாருக்கு, எவ்வளவு?

நம் வீடுகளில் இரண்டு விதமான மௌனம் உண்டு. ஒன்று, அப்பா யாருக்கும் சொல்லாமல் தனியாக டெஸ்டுக்குப் போய்விட்டு வருவது. சிறுநீர், ஆண்மை சம்பந்தப்பட்ட இடம் என்பதால் வாய் வராது. இன்னொன்று, பிள்ளைகள் டாக்டரைத் தனியாகப் பார்த்து “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்” என்று கேட்பது. இரண்டும் பாசத்தில்தான் பிறக்கின்றன. ஆனால் ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலையில் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமப்பதில்தான் இரண்டும் முடிகின்றன.

முடிவு வருவதற்கு முன்பே இதைப் பேசி முடியுங்கள். டெஸ்ட் எடுத்துக்கொண்டவரிடமே கேளுங்கள்: “அப்பா, ரிசல்ட் வந்ததும் முதல்ல நீங்க பார்க்கணுமா, நான் பார்த்துட்டுச் சொல்லட்டுமா, இல்ல டாக்டர் வாயால ஒண்ணாக் கேட்டுக்கலாமா?” அவர் சொல்வதுதான் முடிவு. அது அவர் உடம்பு. மனைவியை இந்தப் பேச்சிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். அவர் ஏற்கெனவே பாதியை ஊகித்திருப்பார். மீதியையும் தெரிந்துகொண்டால் அவருக்கும் மூச்சு சீராகும்.

வெளியில் யாருக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சொல்ல நேர்ந்தால் ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: “ஒரு டெஸ்ட் எடுத்திருக்கோம். வியாழக்கிழமை தெரியும். தெரிஞ்சதும் நானே கூப்பிடுறேன்.” இதைக் கேட்டுத் தினமும் போன் செய்கிறவர்கள் குறைவார்கள். ‘இந்த வேரைக் கஷாயம் வைத்துக் குடியுங்கள்’ என்று வருகிற அன்பான யோசனைகளுக்கு நன்றி சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை டாக்டருக்குத் தெரியாமல் புதிய மருந்து எதையும் தொடங்காதீர்கள். கோயிலில் முடிந்து வைப்பதும் தொழுவதும் ஜெபிப்பதும் உங்கள் வழக்கமானால் விடாமல் செய்யுங்கள். பயத்தை ஓரிடத்தில் இறக்கி வைக்க அவை பல தலைமுறைக்குக் கை கொடுத்திருக்கின்றன.

பகலும் இரவும்

‘கவலைப்படாதே’ என்று மனதுக்குச் சொல்லிப் பயனில்லை. ஸ்வீனியின் ஆய்வுகளிலும் மனதைத் தேற்றிக்கொள்ள மக்கள் செய்த முயற்சிகள் பெரிதாக எடுபடவில்லை. கை கொடுத்தது வேறொன்று: நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்து செய்கிற வேலை. சும்மா டி.வி. முன் உட்காருவது அதில் சேராது. கொஞ்சம் சவால் இருக்க வேண்டும், செய்யச் செய்ய முன்னேற்றம் தெரிய வேண்டும். எனக்கு அது பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் வேலையாக அமைந்தது. ஓட்டக் கூடாது, பிரிக்கலாம். உங்களுக்கு அது மாடித் தோட்டமாக இருக்கலாம், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக இருக்கலாம், கோலமோ கேரமோ கடைக் கணக்கோ எதுவானாலும் சரி. காத்திருக்கும் நாட்களுக்கென்றே ஒரு வேலையை எடுத்து வையுங்கள்.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை 5 மணி முதல் 5.20 வரை என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது நிமிடமும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, மனதில் வருவதையெல்லாம் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்கக்கூடியது எதுவோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘அஞ்சு மணிக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளி வையுங்கள். முதல் இரண்டு நாள் அது கேட்காது. பிறகு கேட்கத் தொடங்கும்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் தேடினால் கண்ணில் படுவது யாரோ ஒருவருடைய கடைசிக் கட்டமாகத்தான் இருக்கும். எழுந்து உட்கார்ந்து, மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தால் நெஞ்சுப் படபடப்பு இறங்குவதை உணரலாம். தூக்கமே இல்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை அழையுங்கள். கட்டணமில்லாத அரசுச் சேவை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ரிப்போர்ட் போனில் வந்துவிட்டால்

இப்போது பல லேப்கள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. இரவு ஒன்பது மணிக்கு வரும். டாக்டரை மறுநாள் மாலையில்தான் பார்க்க முடியும். திறப்பதா வேண்டாமா என்பதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். திறப்பதானால் இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு திறங்கள்.

‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது என்று நம் காதில் விழும். ரிப்போர்ட்டில் புற்றுநோய் இருப்பதைக் குறிக்கும். ‘பினைன்’ என்றால் புற்றுநோய் இல்லாத சதை. அப்படி வந்தாலும் பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்; ஊசி படாத இடமும் சுரப்பியில் உண்டு. ‘ஏடிபிகல்’ என்றால் ஐயம் தீரவில்லை, மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம். ‘அடினோகார்சினோமா’ என்றால் புற்றுநோய். அந்தச் சொல்லோடு நிறுத்திவிடாமல் அடுத்த வரியைப் பாருங்கள். அங்கேதான் ‘கிளீசன் ஸ்கோர்’ இருக்கும். அமெரிக்க நோயியல் மருத்துவர் டொனால்டு கிளீசன் 1966இல் வகுத்த முறை அது.

பலரைத் தேவையில்லாமல் கலங்கடிப்பது இந்த எண்தான். பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் முற்றிவிட்டது என்று தோன்றும். உண்மையில் பயாப்சியில் இன்று கொடுக்கும் மிகக் குறைந்த எண்ணே 6. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1 முதல் 5 வரை ‘கிரேடு குரூப்’ என்ற எளிய வரிசை வந்தது. 6 என்பது குரூப் 1. 3+4=7 குரூப் 2; 4+3=7 குரூப் 3. 8 என்பது குரூப் 4. 9, 10 இரண்டும் குரூப் 5. என் ரிப்போர்ட்டில் இருந்தது 6. அறுவை இல்லாமல் இன்றுவரை கண்காணிப்பில் இருக்கிறேன். அன்று இந்தப் பத்தியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரிப் போயிருக்கும்.

எண் கூடுதலாக இருந்தாலும் கதவு மூடிவிடாது. நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து, அறுவை, கதிர்வீச்சு, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றில் எது, எந்த வரிசையில் என்று முடிவு செய்வார்கள். அடுத்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதே.

முடிவு சொல்லும் நாள்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் இருக்கட்டும். ஒருவரைக் கூட்டிப்போங்கள், அவருடைய வேலை எழுதிக்கொள்வது மட்டும். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு டாக்டர் பேசுவதில் பெரும்பகுதி மனதில் நிற்காது. “இதைப் போன்ல ரெக்கார்டு பண்ணிக்கலாமா டாக்டர்?” என்று கேட்பதில் தவறில்லை. கிளம்பும் முன் ஒன்றைக் கேளுங்கள்: “நான் எத்தனை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்?” பெரும்பாலோருக்கு யோசிக்க, இன்னொரு டாக்டரைக் கேட்க, அவகாசம் உண்டு. அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இன்று இரவு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். மேலே ரிப்போர்ட் வரும் தேதியை எழுதுங்கள். அதன் கீழே கூப்பிட வேண்டிய எண், டாக்டரைப் பார்க்கும் நாள், கூட வருபவரின் பெயர், வீட்டில் முதலில் யார் கேட்பது, மாலை ஐந்து மணிக்குப் புள்ளி வைத்த கேள்விகள். எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் கடைசியில் ஒரு வரியைக் காலியாக விடுங்கள். அதை நிரப்ப வேண்டியது மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருப்பவர். நிரப்ப வேண்டிய மற்றதை நீங்கள் நிரப்பிவிட்டீர்கள். தாளை ஃபைலில் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.